திரும்பிப் பார்க்கக் கூடாது

நாற்காலி வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அதற்கு ஒரு விலையைக் கண்டுபிடித்தாக வேண்டும். உண்மையான விலை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை வாயால் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

வண்டியில் வந்த இருவரும் நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தார்கள், புரட்டிப் பார்த்தார்கள். அது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, மரியாதை குறைந்துபோன சம்பந்தி மாதிரி உள்ளே வர மாட்டேன் என்று நின்றது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் தள்ளி நின்றார். உள்ளறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் மனைவி எழுந்து வருவாள். வந்தால் கேட்கப்போகிற முதல் கேள்வி எதுவென்று நாற்காலிக்கே தெரியும்.

பன்னிரண்டாயிரம் என்று சொல்லிவிடலாமா? வாயை அசைத்துப் பார்த்தார். 'ப' என்று ஒட்டிய உதடு பிரியவில்லை.

வேறு யாராவது என்றால் உள்ளதைச் சொல்லி, நாலு திட்டு வாங்கிக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குள் சமாதானம் ஆகியிருப்பார்கள். இவரால் முடியாது. ஏனென்றால் இவர் பேரப்புலி.

பேரப்புலி என்பது மச்சினன் கேலியாக வைத்த பெயர். வைத்த மறுநாளே அதில் கேலி காணாமல் போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. உத்தியோகத்தில் பார்த்தால் மனுஷர் எலிதான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. நாய்கள் குரைக்கும், வீட்டுக்காரர்கள் அதைவிட நன்றாகக் குரைப்பார்கள். மேலதிகாரி பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். "யோவ் மீட்டர்" என்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிற அந்த மனுஷர், கடைத்தெருவில் கால் வைத்தால் ஓரடி உயர்ந்துவிடுவார்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. வாங்க நினைத்த பொருளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருக்கிறதை விலை கேட்பார். அப்புறம், போனால் போகிறது என்பதுபோல இதைத் தொட்டு, ஒரு குற்றம் சொல்லி, மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்பார். கடைக்காரர் சிரிப்பார், இல்லாவிட்டால் சீறுவார். "சரி, வேண்டாம்" என்று இவர் படியிறங்கி நடந்துவிடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது. வித்தையின் உயிர்நாடியே அதுதான். மனைவி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்வதற்குள், "சார், சார், வாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கடைக்காரரின் குரல் துரத்திக்கொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் வராமல் இருந்ததே கிடையாது.

"உங்க சாமர்த்தியம் யாருக்குங்க வரும்" என்பாள் மனைவி, பையை வாங்கிக்கொண்டே.

"நான் இவ்வளவு மிச்சம் பிடிக்கிறேன். நீ ராப்பகலா தைக்கிற காசு எங்கதான் போகுதோ! மோட்டார் மெஷின் வாங்கணும் வாங்கணும்னு எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கே?"

"என்னமோ போங்க. கையில நிக்க மாட்டேங்குது."

"கையில்ல அது. சல்லடை."

அவள் சிரித்துவிட்டுக் காலால் மெஷினை மிதிக்கப் போய்விடுவாள்.

அப்பேர்ப்பட்ட பேரப்புலிக்கு இன்று காலையில் அந்தக் குரல் வரவில்லை.

ஆண்டு போனஸ் கைக்கு வந்திருந்தது. மூடியைத் திறக்கக் குனிந்து குனிந்து இடுப்பு போயிருந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, நானும் வரேன்" என்று மனைவி சொன்னாள். அவளுக்கு ஒரு மூட்டைப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இவருக்கு இடுப்பும் பொறுக்கவில்லை, போனஸும் பொறுக்கவில்லை. தனியாகவே கிளம்பிவிட்டார்.

தெருக்கோடியில் புதிதாகத் திறந்திருந்த மரச்சாமான் கடை. வாசலில் 'ஒரே விலை' என்று ஆளுயரப் பலகை. உள்ளே அந்தச் சாய்வு நாற்காலி. பிடியை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், காலுக்கு ஒரு பலகை எழும்பும். முறைப்படி இவர் அதைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்த அலமாரியை விலை கேட்டார், குற்றம் சொன்னார், நாற்காலிப் பக்கம் ஒதுங்கினார்.

"இது?"

"பன்னிரண்டாயிரம் சார்" என்றார் கடை முதலாளி. சாந்தமான மனிதர். குரலில் சர்க்கரை.

"பிடி தளர்றா மாதிரி இருக்கே. நாலாயிரம்."

"சார், வாசல்ல போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். எழுத்து நல்லா இருக்கு. நாலாயிரம்."

"கட்டாது சார்."

"சரி, வேண்டாம்."

படியிறங்கினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல மறுபடியும் வாசலைப் பார்த்தாள். இவர் நடந்துவிட்டார்.

சாவி செய்கிறவரின் பெட்டிக்கடை வரைக்கும் நடந்தார். குரல் வரவில்லை. நடையைக் குறைத்தார். அப்போதும் வரவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது. அதை அவிழ்த்துவிட்டு மறுபடியும் மாட்டினார்.

"செருப்பு தைக்கிறவர் அடுத்த தெருவுல இருக்கார் சார்" என்றார் சாவிக்காரர்.

"எனக்குத் தெரியும்."

"இல்ல, ரொம்ப நேரமா குனிஞ்சிருக்கீங்களேன்னு சொன்னேன்."

குனிந்த இடுப்பு நிமிர மறுத்தது. வேறு வழியில்லாமல், வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் திரும்பிப் பார்த்தார். கடைவாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

திரும்பிப் போய், "குடையை விட்டுட்டேன்" என்றார்.

"நீங்க குடை கொண்டு வரலையே சார்" என்றார் முதலாளி.

"அப்படியா?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பிடியை இழுத்தார். முதுகு சாய்ந்தது, கால் எழும்பியது, இடுப்பு வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு தடித்த குரல், "இந்த நாற்காலி விலைக்குத்தானே?" என்று தலைக்கு மேல் கேட்டது.

"இல்ல, இது என்னுது!" என்று கத்திவிட்டார்.

கத்தியது அவர்தானா என்று அவருக்கே சந்தேகம். அதற்குள் ரசீது போட்டாகிவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுத்ததும் இடுப்பு வலி போய் நெஞ்சு வலி வந்தது.

உள்ளறையில் தையல் மெஷின் நின்றது.

வண்டிக்காரர்கள் ஒரு கடைசித் தள்ளு தள்ளினார்கள். நாற்காலியும் மனைவியும் ஒரே சமயத்தில் கூடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"அடேயப்பா! எவ்வளவுங்க?"

"நாலாயிரம்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நியாயமாகப் பார்த்தால் நாலாயிரம்தான் அவர் கேட்ட விலை. கடைக்காரர் கேட்ட விலை கடைக்காரர் பாடு.

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பன்னிரண்டு சொல்லியிருப்பானே?"

"சொன்னான். விடுவேனா?"

"நீங்க தனியாவா போனீங்க?"

"பின்ன? பேரம் பேசறதுக்குக் கூட ஆளை வெச்சுக்குவாங்களா?"

"நாலாயிரத்துக்கு அவங்களே குடுத்தாங்களா? வேற ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேப்பாங்க? 'சார், வாங்க சார், எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு ஓடி வந்தான், எப்பவும் போல."

அவள் நாற்காலியின் கைப்பிடியில் மெதுவாக உட்கார்ந்தாள். அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழறியா என்ன?"

"சேச்சே. நூல் தூசி." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமாங்க? இனிமே கடைக்கு நீங்க தனியாவே போயிட்டு வாங்க. நான் எதுக்கு நடுவுல?"

இருபது வருஷமாக அவர் சாமான் வாங்கி வந்தால் சந்தோஷமாகச் சிரிப்பாளே தவிர, ஒருநாளும் இப்படி நெகிழ்ந்தவள் இல்லை. இவ்வளவு நெகிழ்ச்சியைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்கிறவன் மனுஷனே இல்லை என்று முடிவு செய்தார்.

பொய்யை அங்கேயே புதைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவள் உடனே தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவதைக் கௌரவமாக நினைப்பவன். அந்த ஒரு விஷயத்தில்தான் அவனைவிடப் பேரப்புலி ஒரு படி மேல். மறுநாள் சாயங்காலமே வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"மாமா, சத்தியமா நாலாயிரமா?"

"ஏன், உங்க அக்கா சொல்லலையா?"

"அதே கடையில நான் போன வாரம் கேட்டேன். பன்னிரண்டுல ஒரு பைசா குறைக்க மாட்டேன்னுட்டான். எனக்கும் ஒண்ணு பேசி முடிச்சுக் குடுங்க."

"ஸ்டாக் தீந்துபோச்சு மாப்ளே."

"இப்பதான் பார்த்துட்டு வரேன். வரிசையா நிக்குது."

"அதெல்லாம் வேற. இது அடிபட்ட பீஸு. அதான் குறைச்சுக் கொடுத்தான்."

மச்சினன் எழுந்து, பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தான். தொழில் அப்படி. நாற்காலியைச் சுற்றி மண்டியிட்டு வந்தான்.

"எங்க மாமா அடி?"

"உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள அடின்னா எப்படித் தெரியும்?"

"பட்டவனுக்குத் தெரியும்."

"இவர் ஒருத்தருக்கும் தன் வித்தையைக் காட்டிக்க மாட்டார்டா" என்றாள் மனைவி, பெருமை தாங்காமல். "என்னங்க, தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. நேர்ல பார்த்துக் கத்துக்கட்டும்."

"ஆமா மாமா. நாளைக்குக் கடையை மூடிட்டு வரேன்."

இவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோர்க்கலாம்.

"நாளைக்கு வேண்டாம். நாளன்னிக்கு" என்றார். இடையில் ஒரு நாள் தேவைப்பட்டது.

அந்த ஒரு நாளில், ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் சம்பளப் பிடித்தத்துக்கு எழுதிக் கொடுத்து எட்டாயிரம் கடன் வாங்கினார். நேராக மரச்சாமான் கடைக்குப் போனார்.

"சார், குடையா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. ஒரு உதவி. நாளைக்கு என் மச்சினனைக் கூட்டிக்கிட்டு வருவேன். அதே நாற்காலியை நாலாயிரத்துக்குக் கேப்பேன். நீங்க முடியாதும்பீங்க. நான் இறங்கிப் போவேன். நீங்க கூப்பிடணும். கூப்பிட்டு, நாலாயிரத்துக்குக் கொடுத்துடணும். மீதி எட்டாயிரம் இந்தாங்க."

முதலாளி பணத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"அதாவது, நான் நடிக்கணும்."

"கொஞ்சமா."

"சின்ன வயசுல எனக்கு அதுல ஒரு ஆசை இருந்துச்சு சார். அப்பா மரக்கடையில உக்கார வெச்சுட்டார்." முதலாளியின் சர்க்கரைக் குரல் பாகாக உருகிற்று. "கோபமா கூப்பிடணுமா, சோகமா கூப்பிடணுமா?"

"சும்மா கூப்பிட்டாப் போதும்."

"உணர்ச்சி இல்லாம எப்படி சார் நம்புவார்?"

கல்லா அம்மா எட்டாயிரத்தை வாங்கி எண்ணி இழுப்பறையில் போட்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனது.

மறுநாள் நடந்ததை மச்சினன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேரப்புலி அலமாரியை விலை கேட்டதும், குற்றம் சொன்னதும், ஒதுங்கியதும் எல்லாம் முறைப்படி நடந்தன. "நாலாயிரம்" என்றார். முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"நாலாயிரமா! ஐயோ, நீங்களா? மறுபடியும் வந்துட்டீங்களா? போன தடவை அடிச்ச அடியிலேருந்தே நான் இன்னும் எந்திரிக்கலையே!"

"மாமா, உங்களை ஞாபகம் வெச்சிருக்கான்!" என்று மச்சினன் காதில் கிசுகிசுத்தான்.

"சரி, வேண்டாம்" என்று பேரப்புலி அவசரமாக இறங்கினார்.

வாசல் தாண்டவில்லை. "நில்லுங்க!" என்று ஒரு குரல். தெருவே நின்றது. சாவிக்காரர் எழுந்து நின்றார். முதலாளி வாசலில் இரு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நிஜமான தண்ணீர்.

"என் குடும்பம் நடுத்தெருவுல நின்னாலும் பரவாயில்ல. உங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். நாலாயிரம் என்ன நாலாயிரம்? மூணாயிரத்துக்கு எடுத்துக்கிட்டுப் போங்க!"

"நாலு!" என்றார் பேரப்புலி, பதறிப்போய்.

"மூணு!"

"இல்லைங்க, நாலே இருக்கட்டும்."

"பேச்சு மாற மாட்டேன் சார். மூணுதான்!"

"மாமா, சும்மா இருங்க, கெடுத்துடாதீங்க" என்று மச்சினன் அவர் வாயைப் பொத்தி, மூணாயிரத்தை எண்ணி வைத்துவிட்டான்.

வண்டியில் நாற்காலி ஏறும்போது முதலாளி பக்கத்தில் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "எப்படி சார் இருந்துச்சு?"

"எதுக்குய்யா மூணுக்கு இறங்கினே?"

"அந்தக் கட்டத்துல தானா வந்துடுச்சு சார். அந்த ஆயிரத்தை மெதுவாக் கொண்டுவந்து கொடுங்க, அவசரமில்லை."

அன்று ராத்திரி மச்சினன் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்றுகொண்டு முழு நாடகத்தையும் நடித்துக் காட்டினான். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஆனா மாமா, ஒரு விஷயம் சொல்லணும். தப்பா நினைக்காதீங்க. என்னோடது மூணு. உங்களோடது நாலு. ஆயிரம் ரூபா ஏமாந்துட்டீங்களே!"

பேரப்புலி நாற்காலியில் சாய்ந்தபடி விட்டத்தைப் பார்த்தார். அவன் நாற்காலியையும் தன் நாற்காலியையும் சேர்த்து, தன் பையிலிருந்து போனதை மனசுக்குள் கூட்டினார். கூட்டலை முடிக்காமலே விட்டார்.

"அவர் மனசு வருத்தப்படற மாதிரி பேசாதேடா" என்றாள் மனைவி. "மனுஷனுக்கு எப்பவாவது சறுக்காதா?"

தம்பி போன பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை. சீருடைத் துணி வெட்டியதில் மிஞ்சிய நீலத்தில் தைத்தது.

"என்னங்க, சொன்னா சிரிக்கக் கூடாது. இந்தத் தடவை கையில கொஞ்சம் நின்னிருக்கு."

"எது?"

"தையல் காசு. ஐயாயிரம். மோட்டார் மெஷின் பதினஞ்சு சொல்றாங்க. நீங்க எப்பவும் மூணுல ஒரு பங்குக்குத்தானே கேப்பீங்க? சரியா வருது பாருங்க." பையை அவர் மடியில் வைத்தாள். "நீங்களே தனியாப் போய்ப் பேசி எடுத்துக்கிட்டு வந்துடுங்க. மிதிச்சு மிதிச்சு ராத்திரியில முழங்கால் விண்ணு விண்ணுங்குதுங்க. உங்க இடுப்புக்கு ஒரு வழி பிறந்த மாதிரி இதுக்கும் பிறக்கட்டும்."

அவர் பையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் அவர் வாங்கியதெல்லாம் தனக்குப் புகழாக வந்தது. இது அவளுடைய முழங்கால். இதில் பொய் செல்லாது. மெஷின் வந்தாக வேண்டும். மெஷின் கடைக்காரர் கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டார் என்று பெட்டிக்கடை வாசலில் குனிந்த இடுப்பு சொல்லிற்று. பத்தாயிரம் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இனி நுழைந்தால் நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

"என்னங்க, முடியாதா?"

"முடியாதாவா? யார்கிட்ட பேசறே?" என்றது வாய். அந்த வாயை அடித்தால் என்ன என்று தோன்றியது.

ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒரு வழிதான் இருந்தது. நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அவளிடம், 'நாலாயிரத்துக்கு வாங்கினதை நல்ல லாபத்துக்கு வித்துட்டேன்' என்று சொல்லிவிட்டால் புகழும் மிஞ்சும், மெஷினும் வரும். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, அவள் சீருடை மூட்டையைக் கொடுக்கக் கிளம்பிப் போன நேரம் பார்த்து, வண்டி பிடித்து நாற்காலியை ஏற்றினார். அது இப்போதும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு முரண்டு பிடித்தது. உள்ளே வர மறுத்த மாதிரியே வெளியே போகவும் மறுத்தது.

"எடுத்துக்கிறேன் சார், உங்களுக்காக" என்றார் முதலாளி. "நாலாயிரம்."

"யோவ், பன்னிரண்டு கொடுத்தேன்!"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா? உங்க மச்சினன் அவர் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டு, 'நல்லாத் தெரியுதா? தெருக்கோடியில நாற்காலி மூணாயிரம்'னு சொல்லி அனுப்புறார். தினமும் ஆள் வந்து மூணுக்குக் கேட்டுச் சண்டை போடுது. என் ஒரே விலை போர்டை உள்ள எடுத்து வெச்சுட்டேன். உக்காந்து பழகின நாற்காலிக்கு நாலுன்னா நான் நஷ்டப்படுறேன் சார்."

"இது நடிப்பா, நிஜமா?"

"நிஜம் சார். கண்ணுல தண்ணி இல்ல பாருங்க."

பேரப்புலிக்கு வேறு வித்தை தெரியாது. "சரி, வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி நடந்தார். இந்தத் தடவை குரல் வந்தது. நெஞ்சு துள்ளிற்று.

"சார், எங்க போறீங்க?" வண்டிக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாற்காலியை எங்க இறக்கறது? வெயில்ல நிக்கிறேன், காத்திருக்கிற கூலி தனி."

திரும்பி வந்தார்.

"நாலாயிரம். அதுல அன்னிக்கு மிச்சம் நின்ன ஆயிரத்தைக் கழிச்சா மூணு. கல்லாவுல வாங்கிக்கங்க" என்றார் முதலாளி. போகிற போக்கில் தயங்கி, "அன்னிக்கு அந்தக் கடைசி வசனம் உங்க மச்சினனுக்குப் பிடிச்சிருந்துச்சாமா?" என்று கேட்டார்.

"உயிரை விட்டான்."

முதலாளி முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைக்கப் போனார்.

கல்லா அம்மா மூணாயிரத்தை எண்ணி நீட்டினாள். பேரப்புலி அதை நீலத் துணிப்பையில் மனைவியின் பணத்தோடு சேர்த்து வைத்தார். எட்டாயிரம். மெஷினுக்கு இன்னும் ஏழு குறைந்தது. அதற்கு எங்காவது வழி பிறக்கும். கைக்கடிகாரம் இருக்கிறது, அடுத்த போனஸ் இருக்கிறது. அவரைக் குடைந்தது அது அல்ல. இந்தக் கடை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவள் ஒருநாள் இந்தப் பக்கம் வந்து, சும்மா நாற்காலி விலை கேட்டாள் என்றால்?

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கல்லாப் பக்கம் குனிந்தார்.

"அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நான் இங்க மீதிப் பணம் கட்டினது எதுவும் வெளியில போக வேண்டாம். ஊருக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல. மச்சினன் சிரிச்சாலும் சிரிச்சுட்டுப் போறான். என் வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. நான் பேரம் பேசினா கடைக்காரன் இறங்கி வருவான்னு அவ மனசார நம்பிக்கிட்டிருக்கா. அந்த நம்பிக்கை போச்சுன்னா, எனக்கு அந்த வீட்டுல வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

கல்லா அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இழுப்பறையைச் சாத்தினாள்.

"பயப்படாதீங்க சார், இந்த ரகசியம் எனக்குப் புதுசில்ல. இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பாத்திரக்கடை கல்லாவுல இருந்தேன், அதுக்கு முன்னாடி ஜவுளிக்கடையில. ரெண்டு இடத்துலயும் நீங்க படியிறங்கின கையோட, உங்க வீட்டம்மா மீதிப் பணத்தை என்கிட்ட கட்டிட்டு, இதே மாதிரி கையெடுத்துக் கும்பிட்டு, 'அவருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க."